தராசு அக்கா கண்டுபிடித்த பிளவு

அலுவலகத்தில் அவருக்குப் பெயரே தராசு அக்காதான். பூமியையே நிறுக்கிறாராம்! பால் கேன் அளவுள்ள ஈர்ப்புமானியைத் தூக்கிக்கொண்டு இடம் இடமாக அலைந்து, பூமி அங்கங்கே எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. அடியில் கனத்த பாறை இருந்தால் இழுப்பு ஒரு துளி கூடும், லேசான மண்ணாக இருந்தால் குறையும். மேட்டில் வைத்தாலும் குறையும். அதனால் கருவி உட்கார்ந்த இடத்தின் உயரத்தையும் அளந்து சரிக்கட்டினால்தான் நிலத்தடிச் சங்கதி தெரியவரும்.

அந்தச் சமவெளிக்கு அடியில் பாறை பிளந்து ஒரு பக்கம் இறங்கிக் கிடக்கிறது என்று அக்கா பல வருடமாக அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "என்னக்கா, உங்க பிளவு எந்திரிச்சிடுச்சா?" என்று டீ நேரத்தில் கேட்காத வாய் கிடையாது. அக்காவும் எத்தனை நாள்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்! இந்த முறை சாலையோரமாக அளந்துகொண்டே போனதில், ஓரிடத்தில் எண்கள் சட்டென்று ஏறின. பிளவேதான். இயக்குநரே எழுந்து வந்து கை கொடுத்தார். மறுநாள் மேலிடத்துக்கு அறிக்கை போக வேண்டும்.

அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த இடத்தை ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று ஓட்டுநரோடு கிளம்பினார். அங்கே சாலை உயரமான மண்கரை மேல் ஏறிப் போகிறது. லாரி அதிர்வு கருவிக்கு ஆகாது என்பதால், வழக்கம்போல் கரையிலிருந்து இறங்கி, தள்ளிப் போய்க் கருவியை வைத்தார். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தால், உயரம் பிடிக்கும் ஆன்டெனா, கரை மேல் நிற்கும் ஜீப்பின் கூரையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது!

"ஏன் தம்பி, அது அங்க என்ன பண்ணுது?"

"எப்பவும் அங்கதானேக்கா வைப்பேன். கீழ ஒரே முள்ளு."

"கருவி இருக்கிற இடத்து உயரம்ல வேணும்!"

"ஜீப் உயரத்தைக் கழிச்சுட்டுதானேக்கா எழுதுறேன்!"

கழித்தானாம்! ஜீப்பைக் கழித்த புண்ணியவான் அத்தனை பெரிய கரையைக் கழிக்கவில்லை. சாலை தரையோடு போனவரை பாதகமில்லை. கரை ஏறிய இடத்தில், கீழே இருந்த கருவி மேட்டில் இருப்பதாகக் கணக்காகி, மேட்டுக்காக இழுப்பைக் கூட்டிக் கூட்டியே பிளவு பிறந்துவிட்டது. அவனைத் திட்டுவதா, ஒரு நாளாவது திரும்பிப் பார்க்காத தன் தலையில் அடித்துக்கொள்வதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. ஆன்டெனாவைக் கருவிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, பிளவுக்கு இரண்டு பக்கமும் திரும்ப அளந்தார். ஜீப் பானெட் மேல் தாளை விரித்துக் கணக்குப் போட்டு, எண்களைக் கோடாக இழுத்துப் பார்த்தார். கோடு தரைபோலத் தட்டையாகக் கிடந்தது.

"அப்போ அடியில ஒண்ணும் இல்லையாக்கா?"

"நாம கண்டுபிடிச்சது இந்த ரோட்டைத்தான் தம்பி."

அவன் சிரித்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஆன்டெனாவை எடுத்துவைக்கப் போனான். அக்கா இயக்குநருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

"விடும்மா, யாரு தோண்டிப் பாக்கப் போறாங்க?"

"பிளவு இல்ல சார். அறிக்கையில அழிச்சிடுங்க."

"இருக்கு இருக்குன்னு இத்தனை வருஷமா உயிரை எடுத்ததே நீதானேம்மா!"

"ஆமா சார். இல்லைன்னு சொல்லவும் நான்தானே வேணும்" என்றார் அக்கா.