செகண்டு ஏன் இரண்டு தடவை

அந்தப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அரைமார்க். விடையில் அலகு எழுதாதவனுக்கு அரை மார்க்கை வெட்டியே தீருவதென்று பத்தொன்பது வருஷமாகக் கங்கணம் கட்டிக்கொண்டு திரிபவர். வீட்டுக்காரி டவுன் பஸ் ஓட்டுகிறவள். "ரெண்டு சோப்பு வாங்கிட்டு வாங்க" என்று அவள் சொன்னால், இரண்டு கிலோவா, இரண்டு கட்டியா என்று விளக்கம் கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்.

துறைத்தலைவர் நாற்காலி காலியானது. போட்டிக்கு நின்றவர்கள் இருவர்: இவரும், சேர்ந்து நாலு வருஷமே ஆன ஒரு டீச்சரும். மூன்று பேர் கொண்ட குழு இருவர் வகுப்பையும் உட்கார்ந்து பார்க்கும்; பாடம், முடுக்கம். அரைமார்க் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர் என்பதைத் தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் ஒப்பிப்பார்.

ஆனால் போன வாரம் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, செகண்டு ஏன் இரண்டு தடவை வருகிறது என்று கேட்டுத் தொலைத்திருந்தாள். அந்தக் குற்றத்துக்கு அலகை நூறு தடவை எழுத வைத்தார். குழுவை அப்படி எழுத வைக்க முடியாது என்பது இப்போதுதான் உறைத்தது. வகுப்புக்கு முந்தின நாள் மாலை பஸ் நிலையத்துக்கே போய், நின்றிருந்த அவள் வண்டியில் ஏறி, பொது அறிவைச் சோதிக்கிற பாவனையில் பெண்டாட்டியிடம் கேட்டார்.

"நிக்கிற வண்டிய எடுக்குறேன். மொத செகண்டு முடிஞ்சா, செகண்டுக்கு ஒரு மீட்டர் வேகம். அடுத்த செகண்டு முடிஞ்சா ரெண்டு. அப்புறம் மூணு. வேகத்துக்குள்ளயே ஒரு செகண்டு இருக்கு. அந்த வேகம் ஏறுறதுக்கு இன்னொரு செகண்டு. அவ்வளவுதான்."

அவர் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டார். இன்னும் இருக்கிறது, கேட்டுவிட்டுப் போங்கள் என்றாள். அலகு மட்டும் போதும் என்று இறங்கிவிட்டார்.

மறுநாள் கரும்பலகையில் பஸ் வரைந்து வெளுத்து வாங்கினார். குழுத்தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், அதே பஸ் நேரான ரோட்டுல மணிக்கு அறுபதுலயே போயிட்டிருக்கு. கூடல, கொறையல. முடுக்கம் எவ்வளவு?"

மடக்கப் பார்க்கிறார்கள் என்று அரைமார்க் உஷாரானார். கிலோமீட்டரை மீட்டராக்கினார், மணியைச் செகண்டாக்கினார், தசமத்துக்குப் பின் இரண்டு இடம் வரை வகுத்தார்.

"பதினாறு புள்ளி ஆறு ஏழு. மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர்."

வேகமே மாறாத வண்டிக்கு முடுக்கம் சைபர் என்று முன் பெஞ்சு முணுமுணுத்தது. மூன்று பேனாக்கள் ஒரே நேரத்தில் எழுதின.

நாற்காலி டீச்சருக்குப் போனது. கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்தது என்று ஆசிரியர் அறையில் ஒரு வாரம் முழங்கினார். இனி வாராவாரம் பாடக்குறிப்பை நீட்டி அந்த டீச்சரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். முதல் திங்கட்கிழமையே, "ஏன் சைபர்? வகுப்பில் விளக்கவும்" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டார் டீச்சர்.

அன்று மாலை அரைமார்க் பெண்டாட்டியின் பஸ்ஸில் ஏறி, அவள் இருக்கைக்குப் பின்னால் நோட்டும் கையுமாக உட்கார்ந்தார். வீடு இருக்கும் நிறுத்தம் வந்தது, இறங்கவில்லை. ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று தலைக்கு மேல் எழுதியிருந்ததால், கடைசி நிறுத்தம் வரை வாயைத் திறக்காமல் காத்திருந்தார்.