மூக்கருக்குச் சளி பிடித்த வாரம்

தோல் ஆலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த அந்த மனிதரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கர் என்றால் தபால்காரருக்கும் தெரியும். பார்வைக்கு அது ஒன்றும் பெரிய மூக்கல்ல, சப்பைதான். ஆனால் ஆலை வாசலில் நின்றபடியே எந்தத் தொட்டியில் சுண்ணாம்பு கூடிவிட்டது என்று சொல்லிவிடுவார். கல்யாணமான புதிதில் அவர் மனைவிக்கு அந்த மூக்கைக் கண்டு கொஞ்சம் பயம்கூட இருந்தது. நன்றாயிருக்கும் பாலை மோந்துவிட்டு, "இது சாயங்காலம் தாங்காது" என்பார். தாங்காது.

அந்த ஆலையில் தோல் இரண்டு விதமாகப் பதமாகும். ஒன்று, மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறுவது. மற்றது, குரோம் உப்பு போட்டு ஒரே நாளில் முடிவது. பட்டைத் தோலைச் சீவும்போது விழும் சுருளும் தூளும் மண்ணில் மக்கிவிடும். குரோம் சீவலை மண்ணில் சேர்க்கக் கூடாது, அதற்குத் தனிக் கிடங்கு. முன்பெல்லாம் இரண்டும் ஒன்றாக ஓடைக் கரையில் மலையாகக் கிடந்தன. பட்டைச் சீவலைப் பிரித்து, தோட்டம் போடுகிறவர்களுக்குச் சும்மாவே கொடுக்கலாம் என்று மேனேஜரை நச்சரித்தவர் மூக்கர்தான். "சாப்பாட்டுக்குன்னு ஒரு உசிரு போயிருக்கு சார். அதோட தோல்லயும் பாதியக் குப்பையில கொட்டினா எப்படி?" என்று கேட்டுக் கேட்டு, மூன்று வருடம் கழித்துச் சம்மதம் வாங்கினார்.

சாயம் ஏறிவிட்டால் இரண்டு சீவலும் கண்ணுக்கு ஒரே பழுப்பு. அதனால் வெளியே போகும் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்ப்பார். தலையை ஆட்டினால் மூட்டை வாசலைத் தாண்டும். அந்தச் சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். துணி துவைக்கும்போது பொட்டலங்களைத் தூக்கி எறிவது மனைவியின் பாடு.

"இது சட்டையா, பொட்டலக் கடையா?"

"எதுவா இருந்தாலும் முதலாளி நீதானே."

ஒரு வருடம், மழை ஓய்ந்த கையோடு அவருக்குச் சளி பிடித்தது. பத்து நாள் விடவில்லை. குழம்பு தீய்ந்ததுகூடத் தெரியாமல் சாப்பிட்டார். மனைவி வாயை மூடிக்கொண்டு பரிமாறினாள். ஆலையில் மட்டும் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூக்கருக்கே மூக்கடைப்பு என்றால் விட்டுவைப்பார்களா? வழக்கம்போல மோந்தார், தலையை ஆட்டினார். அந்தப் பத்து நாளில் ஒரே ஒரு மூட்டைதான் வெளியே போனது, பின்தெருத் தையல்கார அக்காவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து வீசப் போனாள். அன்றுதான் மூக்கு திறந்திருந்தது. மூக்கர் சும்மா வாங்கி மோந்து பார்த்தார். முகம் மாறியது. மறுபடி மோந்தார். பிறகு மெழுகுவத்தியை ஏற்றி, ஒரு சுருளைக் கம்பியில் குத்தி எரித்தார். பட்டைத் தோல் என்றால் சாம்பல் வெளுப்பாக உதிரும். கம்பி முனையில் நின்ற சாம்பல் பச்சையாக இருந்தது.

"குரோம்" என்றார்.

"விஷமா?"

"தெரியாது. கொஞ்சூண்டு, ஒண்ணும் பண்ணாமலும் போகலாம். ஆனா அந்த அம்மா தட்டுல நான் எப்படி வைக்கிறது?"

தையல்கார அக்கா தனி ஆள். கொல்லைப் பாத்தியில் விளையும் தக்காளியும் பீன்ஸும்தான் பாதி வருடத்துக்கு அவளுக்குக் கறிகாய். ஜாடிகளில் நாற்று வளர்த்துப் போன வாரம்தான் பாத்திக்கு மாற்றியிருந்தாள், மூட்டையைக் கொட்டிக் கிளறிய மண்ணில்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "என்னங்க, நாம சொல்லலைன்னா யாருக்குத் தெரியப் போகுது? மேனேஜர் காதுக்குப் போச்சுன்னா உங்க வேலை என்ன ஆகும்? மூட்டை கொடுக்கிறதையே நிறுத்திடுவாங்க. மூணு வருஷம் தொண்டை கிழியக் கேட்டு வாங்கினது."

"எல்லாம் சரி. ஆனா என் மூக்குக்குத் தெரியுமே."

மண்வெட்டியைத் தேடினார். அவள் இரண்டாவது மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

தையல்கார அக்கா வாயில் இரண்டு குண்டூசியோடு கதவைத் திறந்தாள். முழுதும் கேட்டபின் ஊசிகளை ஒவ்வொன்றாகச் சட்டையில் குத்திக்கொண்டாள். "அடப்பாவி மனுஷா! மூக்கு அடைச்சா வாயைத் திறக்க வேண்டியதுதானே? அது ஒண்ணும் அடைக்கலையே?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

"இப்ப இல்லையாக்கும்?"

"இப்பதான் ஜாஸ்தி."

அவள் இருவரையும் கொல்லைப் பாத்திக்குக் கூட்டிப்போனாள். பிறகு தானே முதல் நாற்றைப் பிடுங்கினாள்.

ஒரு சாண் ஆழம் தோண்டினால் போதும் என்று மூக்கர் குச்சியால் அளந்து காட்டினார். மனைவி இரண்டு சாண் தோண்டினாள். "போதும்மா, அங்க வரைக்கும் போயிருக்காது" என்று அவர் இரண்டு தரம் சொல்லியும் நிமிரவில்லை. அள்ளிய மண் பதினாறு சாக்கு. கைவண்டியில் ஏற்றி ஆலையின் குரோம் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள்.

திங்கட்கிழமை மூக்கரே போய்ச் சொன்னதும் மேனேஜர் தாம்தூம் என்று குதித்தார். "உம்ம மூக்க நம்பி ஃபேக்டரிய நடத்தினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"அதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன். இனிமே நம்பாதீங்க. எல்லா மூட்டையிலயும் ஒரு சிட்டிகை எரிச்சுப் பார்த்துட்டு அனுப்புவோம். மோப்பம் வேணாம்."

வேலை போகவில்லை, மூட்டையும் நிற்கவில்லை. மூக்கின் அதிகாரம் மட்டும் போனது. வாசலுக்குப் பக்கத்தில் கம்பியும் விளக்கும் வைத்து ஒரு மேசை போட்டார்கள். ஆலையில் கொஞ்ச நாள் அவரை "முன்னாள் மூக்கர்" என்றார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆலைக் கழிவு படாத மண்ணாகப் பார்த்து ஓடைக்கு அக்கரையிலிருந்து கொண்டுவந்து பாத்தியை நிரப்பினார். அந்த வருடம் முழுக்கத் தன் வீட்டுக்கு வாங்கும் காயில் பாதியைப் பின்தெருவில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்து, ஒரு காலையில், செருப்புக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோதே போய்விட்டார். இருபத்திரண்டு வருடத்தில் நான்கு முறை அடி மாற்றிய பட்டைத் தோல் செருப்பு அது. ஒரு செருப்புக்குத்தான் எண்ணெய் ஏறியிருந்தது. மற்றதற்கு அவர் மனைவி மறுநாள் போட்டாள்.

அந்த வாரம் தையல்கார அக்கா ஒரு கூடைத் தக்காளியோடு வந்தாள். உட்கார்ந்தாள். மனைவிதான் முதலில் வாய் திறந்தாள். இத்தனை வருடமும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது அது.

"அக்கா, அன்னிக்கு உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னவ நான்."

"தெரியும்."

"அவர் சொன்னாரா?"

"அவரா? உன்னை விட்டுக்கொடுத்து ஒரு வார்த்தை அந்த வாயில வருமா? ஒரு சாண் தோண்டச் சொன்ன இடத்துல நீ ரெண்டு சாண் தோண்டினே. அப்பவே தெரிஞ்சுது." அக்கா கூடையை அவள் பக்கம் நகர்த்தினாள். "அந்த ரெண்டாவது சாண்லதான்டி இன்னிக்கு வரைக்கும் வேர் போயிட்டிருக்கு. எடுத்துக்கோ."

அவள் ஒரு தக்காளியை எடுத்தாள். அவர் செய்வதுபோல மூக்கருகே கொண்டுபோய் ஆழ மூச்சிழுத்தாள். மண் வாசனையும் பச்சைக் காம்பின் வாசனையும் வந்தன. பிறகு, யாரும் கேட்காமலே, தலையை ஆட்டினாள்.