உடங்காட்டு அழுகண்ணி

கல்யாணம் முடிந்து வந்த முதல் மழைக்காலத்தில், சனிக்கிழமை தோறும் என் கணவர் என்னை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து ஊருக்குத் தெற்கே உடைமரங்கள் அடர்ந்த உடங்காட்டுக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். தெருவில் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துச் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

அவர் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தார். கேமராவும், சின்னதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ் குழாய்களும் கப்பல்காரர்களிடம் வாங்கியவை. கலர் பிலிமும் அவர்கள் கொண்டுவந்து கொடுப்பதுதான். அவர் எடுப்பதெல்லாம் உடைமர நிழலில் மழைக்குப் பின் முளைக்கும் பொடிச் செடிகள். விஷ்ணுகிரந்தி, ஓரிதழ் தாமரை, பெயர் தெரியாத பாசி. எல்லாவற்றுக்கும் மேலே அழுகண்ணி. விரல் உயரம்தான் இருக்கும். இலையெல்லாம் ரோமம், ஒவ்வொரு ரோம நுனியிலும் ஒரு பசைத்துளி. பூச்சி ஒட்டினால் இலை மெல்லச் சுருண்டு அதைத் தின்றுவிடும்.

முதல் நாள் செம்மண்ணில் குப்புறப் படுத்துக் கேமராவுக்குள் பார்த்தவர், தலையைத் தூக்கி என்னை முறைத்தார்.

"ஒன் சேலைச் செவப்பு இலையில அடிக்கி. அடுத்த வாரம் வெள்ளை கட்டிட்டு வா."

"எங்கிட்ட வெள்ளை கல்யாணச் சேலை ஒண்ணுதான் இருக்கு, அத்தான்."

"அதான் பட்டுல்லா? வெளிச்சத்த நல்லாத் திருப்பும்."

வேதக்கோயிலில் நான் கட்டி நின்ற சேலையைக் கட்டிக்கொண்டு உடைமுள்ளுக்குள் குத்தவைத்தேன். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க வேண்டும். வாடைக்காற்றும் தடுபடும், வெளிச்சமும் செடிமேல் விழும். நிழலில் எடுப்பதால் ஷட்டர் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். செடி ஆடினால் படம் போச்சு. காற்று நிற்கும்வரை காத்திருப்பார். அதுவரை நான் மூச்சுவிடுவதும் அவருக்குத் தொந்தரவு.

ஈ பிடித்துத் தருவதும் என் வேலை. பறந்துவிடாமல் ஒரு சிறகைப் பிய்த்துவிட்டுத் தீப்பெட்டியில் போட்டுத் தரவேண்டும். அவர் சாமணத்தால் எடுத்து இலையில் வைப்பார். அது காலை உதறி உதறி ஓய்வதைப் படம் படமாக எடுப்பார். வீட்டுக்கு வந்து சோறு பிசையும்போது என் விரலில் அந்தச் சிறகின் பொடி இருப்பதுபோலவே இருக்கும். சொன்னேன். "கையக் கழுவு" என்றார்.

மூன்றாவது வாரமோ நான்காவதோ, முந்தானையை விரித்துப் பிடித்திருந்தபோது இடது குதிகாலுக்குப் பக்கத்தில் நெருப்பை வைத்தது போலிருந்தது. குனிந்தால் ஒரு கருந்தேள் காய்ந்த ஓலைக்கடியில் போய்க்கொண்டிருந்தது.

"அத்தான், தேளு கொட்டிட்டு."

அவர் கண்ணை எடுக்கவில்லை. "ஏளா, அசையாத. காத்து இப்பத்தான் நிக்கி."

"வலிக்கி அத்தான்."

"தேளுதான? ரெண்டே ரெண்டு எடுத்துக்கிடுதேன்."

அசையாமல்தான் இருந்தேன். இன்றைக்கும் எனக்குப் புரியாதது அதுதான். அவர் ஷட்டரைத் திறந்தார், மூடினார். பிலிமைச் சுற்றி மறுபடி திறந்தார். வலி தொடைவரை ஏறி, கண்ணில் நீர் வழிந்து, நாக்கு மரத்தது. கேமராவைத் துடைத்துப் பைக்குள் வைத்த பிறகுதான் என் காலைப் பார்த்தார். ஸ்கூட்டரில் ஏறியதும் பையை என் மடியில் வைத்தார். "ரெண்டு கையாலயும் பிடிச்சுக்க, குலுங்கப்பிடாது." வழியில் ஒரு கம்பவுண்டர் ஊசி போட்டார். இரண்டு நாள் கால் தரையில் ஊன்ற முடியவில்லை.

கிறிஸ்துமஸ் சமயத்தில் சபை மண்டபத்தில் அவருடைய ஸ்லைடுகளைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். ஈ பாதி கரைந்த அழுகண்ணி சுவர் உயரத்துக்கு எழுந்து நின்றது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இத எடுக்கும்போது எங்க வீட்டுக்காரிக்குத் தேளு கொட்டிட்டு. ஆனா அசையல. அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்."

மண்டபமே சிரித்தது. கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த அவருடைய அக்கா என் தொடையில் தட்டிச் சிரித்தாள். சபைப் போதகரான ஐயர் எழுந்து, பொறுமையுள்ள ஸ்திரீ என்று என்னைப் பாராட்டினார். நானும் சிரித்தேன். வாய் அதுவாகச் சிரித்தது.

அடுத்த வருஷ மழைக்கு மறுபடி போனோம். இந்தத் தடவை அவருக்கு வேண்டியது அழுகண்ணியின் பூ. காலையில் கொஞ்ச நேரம்தான் விரியும், வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். வாரக்கணக்கில் அலைந்து ஒரு சனிக்கிழமை கண்டுபிடித்தார். ஒற்றைச் செடி, ரோஜா நிறத்தில் ஒரே பூ, மூக்குத்தி அளவு. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. புது பிலிம் ஸ்கூட்டர் பெட்டியில் இருந்தது.

"எடுத்துட்டு வாரேன். ஆடு கீடு வந்துராமப் பாத்துக்க" என்று ஓடினார்.

ஆடு ஒன்றும் வரவில்லை. நான் செருப்புக் காலை அந்தச் செடிமேல் வைத்தேன். வைத்து, நன்றாகத் திருகினேன்.

திரும்பி வந்தவர் மண்ணைப் பார்த்தார், பிறகு என்னை. "ஆடா?"

"இல்ல. நான்தான் மிதிச்சேன்."

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்து அந்த நசுங்கலை விரலால் தொட்டுப் பார்த்தார். அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கு இரக்கமே வரவில்லை, நன்றாக இருந்தது. பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விட்டார். உடைமுள்ளில் கிழிந்த பட்டுச் சேலையோடு மெயின் ரோட்டுக்கு நடந்து பஸ் பிடித்தேன். கண்டக்டர் "என்னம்மா, கல்யாண வீடா?" என்றான். ஆமாம் என்றேன்.

வீட்டில் அவர் சாப்பிட்டு முடித்திருந்தார். எனக்குச் சோறு மிச்சம் வைக்கவில்லை. உலை வைத்துப் பொங்கிச் சாப்பிட்டேன்.

அந்த வாரமே ஆசாரியிடம் சொல்லி, வெள்ளைத் துணி கட்டுவதற்கு மடக்குக் கால்களோடு ஒரு மரச்சட்டம் செய்துகொண்டார். கூடத்தில் அதை விரித்து நிறுத்தி, என் காதுபட அக்காவிடம் சொன்னார்: "இது நல்லா நிக்கி. அழாது."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கதவைத் திறந்துவிட்டு, சட்டத்தின் ஒரு முனையைப் பிடித்து ஸ்கூட்டர்வரை தூக்கிக் கொடுத்தேன். அவர் தெரு திரும்பியதும் உள்ளே வந்து, சனிக்கிழமைக் காலையில் பாயை விரித்துப் படுத்துத் தூங்கினேன்.