ஆந்தை வயிற்றில் சித்தப்பா சட்டை

உலகத்துப் பறவைகள் எல்லாம் சித்தியிடம் கேட்டுக்கொண்டுதான் சிறகை விரிக்கும். அவள் தைத்த மீன்கொத்தியைச் சன்னலோரம் காயப்போட்ட அன்று, பக்கத்துக் குளத்து மீன்கள் சாயங்காலம் வரைக்கும் தலையைத் தூக்கவில்லை. நம்பாதவர்கள் மீன்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

பகலில் அவளுக்குத் தங்கும் விடுதியில் வேலை. கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுவாள். வீட்டுக்கு வந்தால் பழைய துணியைப் பறவை பறவையாக வெட்டி, அடியில் பஞ்சு வைத்து, கட்டில் அகலத்துக்கு ஒரே போர்வையாகத் தைத்துக்கொண்டிருப்பாள். வருஷக்கணக்காக அதே போர்வை. நூலக மண்டபத்தில் தையல் கண்காட்சி என்று அக்கா மகள் சொன்னபோது, "கால்ல போட்டுக்கிறதைக் கொண்டுபோய் சுவத்துல மாட்டுவாங்களா? போடி" என்று விட்டாள். அக்கா மகளுக்கு வீட்டில் வாலு என்று பேர். பள்ளிக்கூடத்துக்குத் தோன்றினால் போவாள்.

அடுத்த வாரம் போர்வையைக் காணவில்லை.

சித்தி கட்டிலைப் புரட்டினாள். பீரோவைக் கவிழ்க்காத குறை. கடைசியில்தான் நினைவு வந்தது. பழைய துணி மூட்டையின் மேல் அதை மடித்து வைத்திருந்தாள். மூட்டையைப் பழைய துணிக்காரரிடம் போட்டுவிட்டு வந்தது வாலு.

"அதையும் சேத்துப் போட்டுட்டியா?"

"நான் எதையும் பிரிச்சுப் பாக்கல சித்தி."

சித்தி திட்டவே இல்லை. தையல் மெஷினுக்கு உறை மாட்டி, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தாள். "இனிமே ஊசி பிடிக்கிறது சம்பளத்துக்கு மட்டும்தான்." சித்தப்பாவின் சட்டைப் பித்தான் ஒன்று தொங்கிக்கொண்டே இருந்தது. தைத்துத் தரச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

கண்காட்சிக்குச் சித்தியைக் கிளப்பியது வாலுவின் நச்சரிப்பு. சித்தப்பாவை, டீ இலவசம் என்ற ஒரு சொல்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் சித்தியின் கால் நின்றுவிட்டது.

எதிர்ச்சுவரில் அவள் போர்வை.

தானே அதைத் திருடிவிட்டதுபோலச் சுற்றுமுற்றும் பார்த்தாள். மடியில் ஒரு மூலை, மெஷினில் ஒரு மூலை, கட்டிலில் மடிப்பு மடிப்பாக, அப்படித்தான் அதை அவளுக்குத் தெரியும். தூரத்தில் நின்று முழுசாகப் பார்த்ததே இல்லை. கொக்கும் கிளியும் மரங்கொத்தியும் ஒரே பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன. அப்படியா தைத்திருக்கிறோம்? ஆந்தை மட்டும் கிளம்பாமல் உட்கார்ந்து எல்லாரையும் முறைத்தது. எதிரே ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கீழே ஓர் அட்டை: 'தைத்தவர் வந்துகொண்டிருக்கிறார்.'

சித்தப்பா ஆந்தையின் வயிற்றையே பார்த்தார். "அது என் கட்டம் போட்ட சட்டை. கொடியிலேருந்து பறந்துபோச்சுன்னு சொன்னியே?"

"பறந்துதான் போச்சு," என்றாள் சித்தி. "இப்ப வந்து உட்காந்திருக்கு."

கிட்டப் போய்க் கையை நீட்டினாள். காவலாளி குறுக்கே வந்தார். "தொடக்கூடாதும்மா."

"தைச்சதே இவதாங்க," என்றார் சித்தப்பா.

காவலாளி அட்டையைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். "வந்துட்டீங்களா" என்று நகர்ந்துகொண்டார்.

சித்தி எட்டி மேல்மூலையைப் புரட்டினாள். பின்பக்கம், தொங்கவிடும் கழியை நுழைக்க ஒரு துணிக்குழாய் தைத்திருந்தது. அது அவள் வேலை இல்லை. தையல், குண்டும் குழியுமான ரோட்டில் போவதுபோல விழுந்து எழுந்து போயிருந்தது.

வாலு அடுத்த சுவரில் ஒரு மேசைவிரிப்பை அபாரமாக ரசித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வா."

"இது எப்படி சித்தி இங்க வந்துச்சு? எனக்கு ஒரே அதிர்ச்சியா இருக்கு."

"எனக்குந்தான். உன் பை வார் அறுந்தப்ப நீயே தைச்சுக்கிட்டியே, அதைக் காட்டு. நெருக்கமா ரெண்டு தையல், அப்புறம் ஒரு தாவல், கடைசில நெல்லிக்கா சைசுக்கு முடிச்சு."

வாலு தோள்பையை மெல்ல முதுகுப்பக்கம் தள்ளினாள்.

"கண்காட்சி முடிஞ்சதும் வீட்டுக்கு வர்ற. இந்தக் குழாயைப் பிரிச்சு ஒழுங்காத் தைக்கிற," என்றாள் சித்தி, ஆந்தையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுக்கு முன்னாடி மெஷின் மேல இருக்கிற இஸ்திரிப் பெட்டியை நீதான் இறக்கணும்."