நாற்பது தாண்டிய வெல்டர்மார்

1. திறந்த ரூட்

ஹனீபா காக்காவின் பிளேட் பிரஸ்ஸில் பாதி வளைந்ததும் வெடித்துத் திறந்தது. நான் அதை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் கிட்ட வந்து பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டே, "போச்சா சேர்?" என்று மட்டும் கேட்டார்.

"ரூட் பிடிக்கல்ல காக்கா" என்றேன்.

தன்னாமுனைப் பக்கம் உள்ள ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் வெல்டிங் போதனாசிரியர். புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பது ஒரு வேலை. தொழில் நன்றாகத் தெரிந்தும் கையில் சான்றிதழ் இல்லாதவர்களைச் சோதித்துப் பார்ப்பது இன்னொரு வேலை. அவர்கள் வந்து இரண்டு பிளேட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். அதைத் துண்டாக வெட்டி, பிரஸ்ஸில் வைத்து வளைப்போம். வெல்டின் அடிப்பகுதியை ரூட் என்போம். அது சரியாகப் பிடித்திருந்தால் இரும்பு குதிரை லாடம் மாதிரி வளையும். பிடிக்காவிட்டால் வாய் திறக்கும். பிரஸ்ஸுக்கு ஆள் முகம் தெரியாது என்று பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் பெருமையாகச் சொல்வதுண்டு.

ஹனீபா காக்கா ஏறாவூர்க்காரர். வயது நாற்பத்தொன்பது. காக்கா என்றால் அண்ணன்; அவரோ என்னைவிட இரண்டு வயது குறைவு. ஆனாலும் கூட வந்தவர்கள் அப்படி அழைத்ததால் எனக்கும் அவர் காக்காதான். கட்டாரில் பதினாலு வருடம் பைப் வேலை, பிறகு ஊரில் கேட், கூரை, ஆலை வேலை. கடைசியாக வாவியில் மீன்பிடி இறங்குதுறை கட்டும் ஒரு கொம்பனியில் சேர்ந்திருந்தார். சான்றிதழ் இல்லாத வெல்டர்மாரை மாத முடிவோடு நிறுத்தப்போவதாக அங்கே சொல்லிவிட்டார்கள். மகள் வந்தாறுமூலை கெம்பஸில் படிக்கிறாள், இரண்டாம் வருடம். இதையெல்லாம் அவர் பேச்சுவாக்கில் சொன்னாரே தவிர, இரக்கம் கேட்டுச் சொல்லவில்லை.

"பதினாலு வருசத்தில ஒருத்தரும் என்ட வெல்ட வெட்டி எடுக்கச் சொல்லல்ல சேர்" என்றார். குரலில் கோபம் இல்லை. தனக்குத்தானே சொல்கிற மாதிரி இருந்தது.

நான் படிவத்தை எடுத்து, "செய்முறைத் திறன் போதாது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். இருபத்தாறு வருடப் பழக்கம். பேனா அதுவாகவே ஓடியது.

2. சத்தம் பிடித்து ஓடிய கை

என்னோடு அன்று சோதிக்க நின்றவர் சுதர்சினி. இருபத்தொன்பது வயது. எங்கள் நிலையத்திலேயே படித்து, கொழும்பில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்துவிட்டுப் போதனாசிரியராகத் திரும்பி வந்தவர். எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போனபிறகும் அவர் அந்தப் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேர், இவர்ட வெல்டில பிழை இல்ல" என்றார்.

"வாய் திறந்து கிடக்கு. பிழை இல்லையெண்டா?"

"இஞ்ச பாருங்க. வெல்ட் முழுக்க ஒரே சீரா இரிக்கு, ஒரு ஓட்டை இல்ல. ஆனா ரெண்டு பிளேட்டுக்கும் இடையில உள்ள பள்ளத்துக்கு நடுவில ஓடல்ல. இந்த நுனியில இருந்து அந்த நுனி வரைக்கும் வலப்பக்கம் சாஞ்சுதான் ஓடியிருக்கு. இவர் நல்லா வெல்ட் பண்ணுறார் சேர். பண்ணுற இடந்தான் தப்பு."

நான் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தேன். அவர் சொன்னது சரி. இடப்பக்க விளிம்பு நாங்கள் கிரைண்ட் பண்ணிக் கொடுத்தபடியே பளபளவென்று இருந்தது. நெருப்பு அந்தப் பக்கம் போகவே இல்லை.

"வரைபடத்தக் குடுத்தப்போ கைய நீட்டி எட்ட வச்சுத்தான் பார்த்தார். நீங்க கவனிக்கல்லயா?" என்று சுதர்சினி கேட்டார்.

நான் கவனிக்கவில்லை. நான் அந்த நேரம் அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கவில்லை, எலெக்ட்ரோட் குச்சியைப் பிடித்த சாய்வும் சரி. அதனால்தான் பிளேட் திறந்தபோது எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

ஹனீபா காக்கா வாசல் கேட்டடியில் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் போய்க் கூப்பிட்டேன்.

"காக்கா, கிட்ட உள்ளது கண்ணுக்குத் தெரியுதா?"

"என்ட கண்ணுக்கு ஒண்டும் இல்ல சேர்." பதில் உடனே வந்தது. அவ்வளவு வேகமாக வந்ததில்தான் எனக்கு விளங்கியது.

"ஒருக்கா உள்ள வாங்க. இது சோதனை இல்ல. சும்மா ஒரு துண்டு ஒட்டிப்போட்டுப் போங்க."

அவர் தயங்கித் தயங்கி வந்தார். வெல்டிங் ஹெல்மெட்டை எடுத்தபோது, என் மூக்கில் இருந்த கண்ணாடியைக் கழற்றி நீட்டினேன். மட்டக்களப்பு டவுனில் வாங்கிய சாதாரண வாசிக்கிற கண்ணாடி.

"இதப் போட்டு அதுக்கு மேல ஹெல்மெட்டப் போடுங்க."

"வேணாம் சேர்."

"எனக்காக."

போட்டார். எலெக்ட்ரோடைத் தட்டினார். இரண்டு அங்குலம் ஓடியிருக்கும். நிறுத்தினார். ஹெல்மெட்டைத் தூக்காமலே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மறுபடி தட்டி, நுனி வரைக்கும் ஒரே மூச்சில் ஓட்டி முடித்தார். மேலே படிந்த ஸ்லாக் கசடைக் கொத்திவிட்டு பிளேட்டைத் தூக்கிப் பார்த்தபோது அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"இரும்பு உருகுற குழி தெரியுது சேர்" என்றார். "மூணு வருசமா எனக்கு அது தெரியல்ல. வெளிச்சம் மட்டுந்தான் தெரிஞ்ச. சத்தத்தக் கேட்டுத்தான் ஓட்டின நான். பொரியல் சட்டி மாதிரிச் சத்தம் வந்தா சரியாப் போகுதெண்டு கணக்கு."

"ஏன் ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல?"

"கட்டார்ல என்னோட ரூமில இருந்தவன் கண் தெரியல்ல எண்டு சொன்னான். அடுத்த கிழம டிக்கட்டக் குடுத்து ஊருக்கு அனுப்பிட்டாங்க. வெல்டருக்குக் கண் போனா வேற என்ன இரிக்கு சேர்? நான் வீட்டிலயும் சொல்லல்ல."

வேலை செய்யச் செய்யக் கண் அவிந்துகொண்டு வருகிறது என்றே அவர் நம்பியிருந்தார். கண்ணாடிக் கடைக்குப் போனால் அந்தச் செய்தியைத்தான் சொல்வார்கள் என்று பயந்து போகாமலே இருந்திருக்கிறார். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப் போனார். வயதானால் கிட்ட உள்ளது மங்கும் குறைதான், வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதை எனக்குச் சொல்ல நேரில் வந்தார். போனில் சொல்லியிருக்கலாம்.

3. பொறுப்பதிகாரியின் கேள்வி

அவருக்கு மறு சோதனை வைக்கவேண்டும் என்று எங்கள் பொறுப்பதிகாரியிடம் போனேன். முதல் படிவத்தில் நான் எழுதியது பிழை என்பதையும் எழுத்தில் கொடுக்கவேண்டியிருந்தது.

அவர் நல்ல மனிதர், ஆனால் கோப்புக் கோவைக்கு வெளியே எதையும் பார்க்க மாட்டார். "இதென்ன, நாங்க வெல்டிங் சோதிக்கிற இடமா, கண் ஆஸ்பத்திரியா?" என்றார்.

"சேர், எனக்கு அஞ்சு வருசத்துக்கு முதல் வகுப்பில பேர் கூப்பிடுற இடாப்பு வாசிக்க ஏலாமப் போச்சு. அண்டைக்கே கண்ணாடி வாங்கிட்டன். அது போட்டுத்தான் இப்ப வெல்ட் பண்ணியும் காட்டுறன். வாற ஆக்களுக்கும் அதே வயசுதானே எண்டு எனக்கு ஒருநாளும் யோசனை வரல்ல. பிழை அவங்கட இல்ல, என்ட."

அவர் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மறு சோதனையில் ஹனீபா காக்காவின் நான்கு துண்டும் வளைந்தன. ஒரு மயிரிழை வெடிப்புக்கூட இல்லை. ஆனால் சான்றிதழ் கைக்கு வருவதற்குள் மாதம் முடிந்து, இறங்குதுறைக் கொம்பனி வேறு ஆளை எடுத்துவிட்டது. அந்த இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. என் கையெழுத்து அவருக்குச் செய்த நட்டம் அது. இரண்டு மாதம் சும்மா இருந்தார். பிறகு ஓட்டமாவடிப் பக்கம் ஒரு நெல் ஆலையில் திருத்த வேலைக்கு எடுத்தார்கள். சந்தித்தபோது அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "ஆலையில நிழலுக்குள்ள வேல சேர், துறையில வெயில்" என்று சிரித்தார்.

4. கரடியனாற்றுக்கு ஓர் அழைப்பு

அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பழைய கோவைகளை இறக்கி, நாற்பது வயதுக்கு மேல் வந்து சோதனையில் சித்தியடையாதவர்களைத் தேடினேன். "ரூட் ஒரு பக்கம் பிடிக்கவில்லை" என்று என் கையெழுத்திலேயே ஆறு பேருக்கு எழுதியிருந்தது. அவர்களில் மூன்று பேருடைய போன் வேலை செய்யவில்லை. ஒருவர் வெளிநாடு போய்விட்டார். ஒருவர் வந்து கண்ணாடி போட்டு மறுபடி செய்து சித்தியடைந்தார்.

கடைசியாகக் கரடியனாற்றில் தவராசா என்பவர். ஆறு வருடத்துக்கு முன் வந்தவர். மணி அடித்ததும் எடுத்தார். பின்னால் உழவு மெசினின் சத்தம் கேட்டது.

நான் யார் என்று சொல்லி, நடந்ததை விளக்கினேன். அவர் மெசினை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்.

"இப்ப நான் வெல்டிங் செய்யிற இல்ல சேர்" என்றார். "அண்டைக்கு வீட்ட வந்த உடனே வெல்டிங் பிளான்ட வித்துட்டன். இப்ப வட்டையில வயல் உழவு. குறை ஒண்டும் இல்ல."

"இப்பவும் வரலாம். கண்ணாடியோட ஒருக்கா செஞ்சு பார்க்கலாம்."

"இனி என்னத்துக்கு சேர்."

நான் போனை வைக்கப் போனேன்.

"சேர், அப்ப என்ட கையில பிழை இல்லையா?"

"இல்ல தவராசா. கண்ணாடி இல்லாததுதான் பிழை. அதப் பார்க்காதது என்ட பிழை."

"இத என்ட பொஞ்சாதிட்ட ஒருக்காச் சொல்லுவீங்களா? நான் சொன்னா நம்பமாட்டா. கைய விட்டுத் தொழில் போயிட்டுது எண்டு ஆறு வருசமா நான்தான் அவவுக்குச் சொல்லி வச்சிரிக்கன்."

வரம்பு வழியே அவர் நடந்து போகும் சத்தமும், யாரையோ கூப்பிடுவதும் கேட்டது. ஒரு பெண் குரல், "ஆரு?" என்றது. நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். முடிந்ததும் அவர் மனைவி, "அவருக்கு அந்த வேல நல்ல விருப்பம் சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

சோதிக்கிற வேலைக்கு வரப்போகும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு சொல். பிளேட் திறந்தால் படிவத்தை எடுக்க முதல் ஆளிடம் பேசுங்கள். பிரஸ்ஸுக்கு ஆள் முகம் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் பார்க்கத்தான் வேண்டும். எங்கள் நிலையத்தில் இப்போது நாற்பது தாண்டியவர்கள் வந்தால், ஹெல்மெட்டைக் கொடுக்க முதல் ஒரு பத்திரிகைத் துண்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறோம். அதற்கு ஒரு நிமிடமும் ஆகாது.