மூக்கறுந்த போர்க்கப்பல்

எனக்கு வாய் நீளம். "வாய் மட்டும் இல்லாட்டி உன்ன நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்பது என் கணவர் எனக்குத் தரும் தினசரிப் பாராட்டு. மஞ்சள் இல்லத்தின் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கும் அந்த வாய்தான் காரணம். மற்ற ஆசிரியைகள் எல்லோரும் நைசாக ஒதுங்கிக்கொள்ள, நான் மட்டும் "குடுங்க, பார்ப்பம்" என்றுவிட்டேன்.

எங்கள் பாடசாலையில் பிள்ளைகளை நிறத்துக்கொன்றாக நான்கு இல்லங்களாகப் பிரித்திருப்பார்கள். வருடாந்த இல்ல விளையாட்டுப் போட்டியில் மஞ்சள் எப்போதும் கடைசி. தரம் ஆறுக்கு வரும் பிள்ளைகள், மஞ்சளில் பெயர் விழுந்தால் உம்மாவைக் கூட்டிவந்து அழுவார்கள். அந்த வருடம் அதிபர் ஆசிரியர் கூட்டத்தில் வைத்தே சொல்லிவிட்டார்: "இந்த முறையும் மஞ்சள் கடைசியெண்டா, அடுத்த வருசம் மூணு இல்லந்தான். மஞ்சள் புள்ளைகள மத்த இல்லங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துருவன்." எனக்கு வந்த கோபத்தில் தேநீர்க் கோப்பையை மேசையில் சத்தமாக வைத்தேன். அதிபரும் பெண்தான், கோப்பைச் சத்தத்தின் பொருள் அவருக்கு விளங்கியிருக்கும்.

ஓடி வெல்ல எங்களிடம் ஆள் இல்லை. மிச்சமிருந்தது இல்ல அலங்காரம். மைதானத்து மூலைகளில் ஒவ்வோர் இல்லமும் கோட்டையோ பள்ளிவாசலோ விமானமோ கட்டி நிறுத்தும். நடுவர்கள் சுற்றிப்பார்த்து, விளக்கம் கேட்டுப் புள்ளி போடுவார்கள். எங்கள் இல்லத் தலைவி உயர்தரம் படிக்கும் பிள்ளை. அவள்தான் விக்டோரியா மகாராணி காலத்துப் போர்க்கப்பலொன்றின் படத்தைக் கைபேசியில் கொண்டுவந்து காட்டினாள். மூன்று பாய்மரம், நடுவில் புகைபோக்கி. பாயிலும் ஓடும், நீராவியிலும் ஓடும்.

"திருகோணமலைக்கி வந்து நிண்ட கப்பல் டீச்சர். எங்கட கடலாலயும் போயிருக்கும்," என்றாள்.

நடுவர்களுக்கான விளக்கத்தை எழுத, அந்தக் கப்பலின் சேவை வரலாற்றை ஆங்கிலத்தில் தேடி வாசித்தேன். அல்லாஹ்வே, என்ன வரலாறு! எங்கே கட்டினார்கள், எந்தத் துறையில் நின்றது, எப்போது திருத்தினார்கள், யாரை ஏற்றி எங்கே இறக்கியது. பக்கம் பக்கமாக வாசித்தும் ஒரு சண்டையைக் காணவில்லை. சொன்னபோது பிள்ளைகளின் முகங்கள் விழுந்துவிட்டன.

"சண்டையே புடிக்காத சண்டைக்கப்பலா டீச்சர்?"

"ஏன், சண்டை புடிச்சாத்தான் கப்பலா? நீங்க மட்டும் எத்தின போட்டியில வெண்டுட்டீங்க?" என்று பாய்ந்தேன். உள்ளுக்குள் எனக்கும் ஏமாற்றம்தான். கடிதம் கொண்டுபோனதையும் கடலின் ஆழம் அளந்ததையும் அலங்கரித்து எழுதினேன். புயலில் அடிபட்ட பகுதியை விட்டுவிட்டேன். புள்ளி போட வருகிறவர்களிடம் கப்பல் உடைந்த கதையை யாராவது சொல்வார்களா?

தலைவியின் வாப்பா கடற்கரையில் வள்ளம் கட்டுகிறவர். மூங்கில் கொண்டுவந்து கப்பலின் சட்டத்தைக் கட்டித் தந்தார். பிள்ளைகள் காட்போட் மட்டை ஒட்டிக் கறுப்பு நிறம் அடித்தார்கள். பழைய படுக்கை விரிப்புகளைப் பாய்களாக ஏற்றினோம். ஓர் இடத்தில்தான் சிக்கல் வந்தது. அந்தக் காலத்துக் கப்பல்களின் முன் முனையில் மரச்சிலை ஒன்று இருக்கும். எங்கள் கப்பலின் படத்தில் இருந்தது ஒரு பெண்ணின் சிலை.

"கப்பல் எத்தின வேணும், கட்டித்தாறன் டீச்சர்," என்றார் வாப்பா. "சிலையில மட்டும் கை வைக்கமாட்டன். உருவம் செய்யிறது பாவம். மறுமையில அல்லாஹ் 'இதுக்கு உசிரக் குடு' எண்டு கேட்டா நான் எங்க போற?"

கப்பல் மொட்டை முனையோடு நின்றது. பச்சை இல்லத்துப் பிள்ளைகள் தூரத்திலிருந்து "மூக்கறுந்த கப்பல்! மூக்கறுந்த கப்பல்!" என்று கத்தினார்கள். நானும் திருப்பிக் கத்தினேன். ஓர் ஆசிரியை அப்படிச் செய்யக் கூடாதுதான்.

போட்டிக்கு முதல் நாள் பகல், மாரிகாலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பியிருந்த நேரத்தில், கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது மழை. காற்றும் சேர்ந்துகொண்டது. விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தோம். முன் பாய்மரம் முறிந்து தொங்கியது. மட்டைகள் கறியில் ஊறிய பப்படம்போலக் கழன்று கிடந்தன.

சின்னப்பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். தலைவி சேற்றில் குந்திவிட்டாள். "முடிஞ்சி டீச்சர். மஞ்சள் மௌத்து," என்றாள்.

அந்த முறிந்த பாய்மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் நான் எழுதாமல் விட்ட பகுதி ஞாபகம் வந்தது. வங்காள விரிகுடாவில் புயல் அந்தக் கப்பலின் முன் பாய்மரத்தை முறித்து, முனையிலிருந்த சிலையையும் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. கப்பல் அந்தக் கோலத்திலேயே நொண்டி நொண்டித் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது.

"எழும்பு புள்ள! ஒண்டையும் ஒட்டாதீங்க. உடைஞ்சபடியே நிமித்துங்க!"

என் மூளை கலங்கிவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்திருப்பாள். கைபேசியில் அந்தப் பகுதியை எடுத்து வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் முகம் மாறியது. உடனே வாப்பாவுக்குப் போன் எடுத்தாள். அவர் வந்து முறிந்த பாய்மரத்தைத் தங்கூசி நைலோன் கயிற்றால் சாய்த்துக் கட்டினார். கிழிந்த பாயைக் கிழிந்தபடியே விட்டோம். தொங்கிய மட்டைகளை உரித்தெடுத்து, உள்ளே மூங்கில் தெரிய நிறுத்தினோம். அந்தி மஃரிப் தொழுகைக்கு முன் வேலை முடிந்துவிட்டது.

அடுத்த நாள், நடுவர்களில் வயதான ஒருவர் எங்கள் மூலைக்கு வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன புள்ள, மழைக்கி விழுந்ததத் தூக்கி வெச்சிரிக்கீங்களா?"

"ஓம் சேர், மழைக்கி விழுந்ததுதான்," என்றாள் தலைவி. எனக்கு உயிர் போய் வந்தது. "ஆனா இந்தக் கப்பலும் புயலுக்கு உடைஞ்சதுதான். இப்பிடித்தான் சேர் திருகோணமலைக்கி வந்து சேர்ந்திச்சி."

"முன்னுக்கு ஒரு சிலை இரிக்க வேணுமே?"

"அதப் புயல் கொண்டுபோயிட்டுது சேர்."

கூட்டத்துக்குள் நின்ற அவளுடைய வாப்பா பலமாகத் தலையாட்டினார். நடுவர் சிரித்துவிட்டார். "சரி, பொறகு அந்தக் கப்பலுக்கு என்ன நடந்திச்சி?"

"திருத்தினாங்க சேர். மறுகா சீனக் கடலுக்குப் போயிருக்கி, ஆபிரிக்காவுக்குப் போயிருக்கி. கடைசியில பொடியன்மாருக்குக் கப்பல் வேல படிச்சுக் குடுக்கிற கப்பலா நிண்டிருக்கி. உடையிறதுக்கு முதல் ஓடினதவிட, உடைஞ்ச பொறகு ஓடினதுதான் சேர் கூடுதல்."

அவர் தாளில் எழுதிக்கொண்டு போனார்.

ஓட்டங்களில் வழக்கம்போலத் தோற்றோம். அஞ்சலோட்டத்தில் தடி கைநழுவி விழுந்தது. அதைப் பற்றி நான் கதைக்க விரும்பவில்லை. ஆனால் இல்ல அலங்காரத்தில் முதலிடம் மஞ்சளுக்கு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அந்தப் புள்ளிகளும் சேர, நாங்கள் மூன்றாம் இடம். மூன்றாம் இடத்துக்கு இவ்வளவு கூத்தாடிய பிள்ளைகளை அந்த மைதானம் அதற்கு முன் கண்டிராது.

கூட்டம் கலையும்போது அதிபர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றைத் தாண்டி எங்கள் மூலைக்கு வந்தார். பிள்ளைகள் சத்தத்தை நிறுத்திவிட்டு அவருடைய வாயையே பார்த்தார்கள். தலைவி என் கையைப் பிடித்தாள். அதிபர் கப்பலைச் சுற்றிவந்து, என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், அடுத்த வருசம் மஞ்சளுக்கு என்ன கட்டப்போறீங்க?"

பிள்ளைகள் கத்திய கத்தலில் நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விளங்கியிராது. நான் அழுதுகொண்டிருந்தேன்.