பூனாவில் தண்ணீர் கொதித்த அன்று

போன வாரம் ஒரு கல்லூரிக்குப் பேசப் போயிருந்தேன். எம்.எஸ்ஸி. கடைசி வருஷப் பிள்ளைகளிடம், ஆசிரியர் வேலைக்கு வாருங்கள் என்று ஆசை காட்ட வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடத்துக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறோம். நன்றாகப் பேசுவாள் என்று சொல்லி என்னை அனுப்பிவைத்தார்கள். நன்றாகச் சண்டை போடுவாள் என்பதைத்தான் அப்படி மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அரங்க வாசலில் ஒரு சானிட்டைசர் புட்டி இருந்தது. வியாதிக் காலமெல்லாம் போய்விட்டது, ஆனாலும் புட்டி மட்டும் அங்கேயே நிற்கிறது. பழக்க தோஷத்தில் நானும் ஒரு அமுக்கு அமுக்கிக் கையைத் தேய்த்துக்கொண்டேன். ஸ்பிரிட் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. இத்தனை வருஷமாகியும் அந்த வாசனை என்னை ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறது.

மேடையேறி ஆசிரியப் பணியின் பெருமையைப் பற்றி இரண்டு வரிதான் வாசித்திருப்பேன். முன்வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கி, மிகவும் பணிவாக, "மேடம், அப்போ உங்களுக்கு வேற வேலை கிடைக்கலையா?" என்று இந்தியில் கேட்டான். அரங்கமே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் போட்டேன். "கிடைத்தது, கராடியில்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. கராடி என்ற பேருக்குப் பூனாவில் அத்தனை மவுசு. (ஊரின் பேர் இப்போது புனே. எங்கள் வீட்டில் இன்னும் பூனாதான்.) அவர்களுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

நாங்கள் கசார்வாடியில் லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு பட்டறையில் லேத் வேலை. பூர்வீகம் வேலூர்ப் பக்கம். வீட்டில் தமிழ், வாசலில் மராட்டி, கடைத்தெருவில் இந்தி, பாடம் மட்டும் இங்கிலீஷ். எதையும் உருப்படியாகப் பேசாமலேயே இயற்பியலில் எம்.எஸ்ஸி. வாங்கிவிட்டேன். கராடியில் அப்போதுதான் கண்ணாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்கு என்னை எடுத்திருந்தார்கள். வருகிறேனா இல்லையா என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்ல வேண்டும். சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று அப்பா லைன் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். பால்காரர்கூட என்னைப் பார்த்து "கராடி மேடம்" என்று சலாம் வைத்தார்.

எனக்குத்தான் மனசு ஒட்டவில்லை. படிக்கிற காலத்தில் லைன் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தேன். ஒரு கணக்கு புரிகிற நேரத்தில் ஒரு பிள்ளையின் முகம் மாறும் பாருங்கள், அதைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அது வேலையாகுமா, அதற்கு நான் லாயக்கா என்று தெரியாது. எம்.எஸ்ஸி. படித்துவிட்டு ஸ்கூலுக்கா என்று கூடப்படித்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். யாராவது உச்சுக் கொட்டினால் அதைச் செய்துதான் தீருவது என்று எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு.

கேம்ப் என்று சொல்கிற பழைய ராணுவப் பேட்டையில் ஒரு தமிழ் அறக்கட்டளை நடத்திய இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்துக்கு அறிவியல் டீச்சர் தேவை என்று கேள்விப்பட்டேன். அங்கே நேர்காணல் கிடையாது, டெமோதான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிற மாதிரி, பின்வரிசையில் பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்க, நாம் ஒரு நிஜ வகுப்புக்கு ஒரு பீரியட் பாடம் நடத்த வேண்டும். வெள்ளிக்கிழமையே வரச் சொன்னார்கள். டெமோ நன்றாகப் போனால் கராடி வேண்டாம், சொதப்பினால் ஆயுசுக்கும் கராடி என்று எனக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை. ஃப்ரெண்டைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி, அம்மாவின் கஞ்சி போட்ட காட்டன் புடவையைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தப் புடவையில் உட்கார்ந்தால் மடங்கும், நின்றால் முறைக்கும்.

டெமோவுக்கு வந்த மற்றவர்கள் கரும்பலகையில் படம் போட்டுப் புத்திசாலித்தனமாக முடித்துக்கொண்டு போனார்கள். நான் மட்டும் பெரிய இவளாட்டம், செய்து காட்டுகிறேன் என்றேன். தண்ணீரின் கொதிநிலை. இதைவிட லேசான பரிசோதனை உண்டா? ஸ்பிரிட் விளக்கு, முக்காலி, பீக்கர், தெர்மாமீட்டர். பள்ளிக்கூட ஆய்வகத்தில் மேசையைச் சுற்றிப் பிள்ளைகள். பின்னால் மூன்று நாற்காலி: பிரின்சிபால் மேடம், ஒரு சீனியர் டீச்சர், அறக்கட்டளைச் செயலாளர். செயலாளர் பெரிய மனுஷர், பூனாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்பிரிட் விளக்கின் சோம்பேறித்தனம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பீக்கரில் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டேன். கல்லூரியில் கேஸ் அடுப்பு, ஒரு நொடியில் சூடேறும். இங்கே அந்த நீலச் சுடர் மினுக் மினுக்கென்று ஆடுகிறது, பாதரசம் நகரவே மாட்டேன் என்கிறது. சாயலி என்று ஒரு ரெட்டைப் பின்னல் பெண்ணை தெர்மாமீட்டர் வாசிக்கச் சொல்லியிருந்தேன். அவள் ஏலம் விடுகிற மாதிரி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அறுபது. அறுபத்தைந்து. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு முதுகில் வேர்வை ஓடிக் கஞ்சி கரைந்தது. ஆவியாவது பற்றிச் சொல்லிச் சொல்லி விஷயம் தீர்ந்துபோய், இட்லிப் பானை மூடியில் தண்ணீர் கோப்பதெல்லாம் பேசினேன். தொண்ணூறு. அடியில் குமிழ் கிளம்பியது. தொண்ணூற்றைந்து. தண்ணீர் தளதளவென்று கொதித்தது, பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். "தொண்ணூற்றெட்டு" என்றாள் சாயலி. அப்புறம் வாயை மூடிக்கொண்டாள்.

எல்லாரும் நூறுக்காகக் காத்திருந்தோம். தண்ணீர் கொந்தளிக்கிறது, பாதரசம் தொண்ணூற்றெட்டிலேயே நிற்கிறது. நான் குனிந்து பார்த்தேன். அதேதான். திரியை இழுத்து விட்டேன். குமிழ் அதிகமாயிற்றே ஒழிய பாதரசம் அசையவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அறிவியல் படித்தவர்களுக்கென்றே ஒரு வழக்கம் உண்டு. விடை முதலிலேயே தெரியும், பரிசோதனை செய்கிற மாதிரி செய்துவிட்டு, விடைக்குத் தக்கபடி அளவுகளை எழுதிக்கொள்வது. கல்லூரி முழுக்க அப்படித்தான் நடந்தது, அதைத் தப்பென்று யாரும் நினைத்ததில்லை. கருவி பழசு, மின்விசிறி ஓடுகிறது, புத்தகத்தில் இருப்பதை எழுது என்பார்கள். பூனாவில் படித்த நாங்கள் அத்தனை பேரும் தண்ணீர் நூறு டிகிரியில் கொதித்ததாக எழுதி மார்க் வாங்கியவர்கள். பாதரசம் எங்கே நின்றது என்று ஒருத்தராவது பார்த்திருப்போமா?

பின்னாலிருந்து செயலாளர் தமிழில் சொன்னார்: "தெர்மாமீட்டர் கராப் ஆயிருக்கும்மா. விடு. நூறுன்னு எழுதச் சொல்லிட்டு ஆகே போ."

கருவி கெட்டுப்போயிருக்கும், மேலே போ என்று நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு ஒரு வழி விட்டார். பிள்ளைகளுக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, அந்தத் தொனி புரிந்துவிட்டது. பென்சில்கள் குனிந்தன. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மணி அடிக்கும், எல்லாம் நல்லபடியாக முடியும்.

"எழுதாதீங்க!" என்று கத்திவிட்டேன். அதுவும் தமிழில். வகுப்பே திடுக்கிட்டு என்னைப் பார்த்தது. செயலாளரின் முகம் சிவந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கண் முன்னால் நிற்பதை விட்டுவிட்டு வேறொன்றை அந்தப் பிள்ளைகள் எழுதுவது பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அலமாரியிலிருந்து இன்னொரு தெர்மாமீட்டரை எடுத்து வந்து தண்ணீருக்குள் விட்டேன். அது மளமளவென்று ஏறித் தொண்ணூற்றெட்டில் நின்றது.

"மிஸ், தோனோ ஜூட் போல் ரஹே ஹைன் க்யா?" என்றாள் சாயலி. இரண்டுமே பொய் சொல்கிறதா என்று கேட்கிறாள். கிண்டலில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் அவளுக்கு.

ரெண்டு பேர் வந்து ஒரே பொய்யைச் சொல்வார்களா? அப்படியென்றால் தண்ணீர்தான் சீக்கிரம் கொதித்திருக்கிறது. தண்ணீர் எங்கே சீக்கிரம் கொதிக்கும்? மலைமேல். இதைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த மலை எப்போதும் இமயமலையாகத்தான் இருந்தது. சட்டென்று எனக்கு பம்பாய் ரயில் ஞாபகம் வந்தது. அத்தை வீட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம் கண்டாலா மலையில் ரயில் திணறித் திணறி ஏறும், காது கப்பென்று அடைக்கும், அம்மா எச்சிலை முழுங்குடி என்பாள்.

"பம்பாய்லேர்ந்து ரயில்ல வந்திருக்கீங்களா? வழியில காது என்ன பண்ணும்?" என்று இந்தியில் கேட்டேன். அடைக்கும் மிஸ், வலிக்கும் மிஸ், டப்புனு சத்தம் வரும் மிஸ் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஏன் அடைக்கிறது? மேலே ஏறுகிறோம். ஏறி வந்தோமே, மறுபடி இறங்கினோமா? வகுப்பு யோசித்தது. சாயலி முதலில் பிடித்துக்கொண்டாள். "மிஸ், நாம இன்னும் மேலேயே இருக்கோம்!" அந்த முகத்தை நான் பார்த்தேன். ஆமாம் கண்ணு, நாமெல்லாம் மலைமேல் இருக்கிறோம். நம் மேல் அழுத்துகிற காற்று பம்பாயைவிடக் குறைவு. அமுக்கிப் பிடிக்க ஆளில்லாததால் தண்ணீர் சீக்கிரமே துள்ளுகிறது. சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்து எம்.எஸ்ஸி.யும் முடித்த எனக்கு, அது அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

செயலாளர் எழுந்து நின்றார். "சரிம்மா. போர்டு பரீட்சையில பிள்ளைங்க தொண்ணூத்தெட்டுன்னு எழுதினா மார்க்கு யார் குடுப்பா?"

"நூறுன்னே எழுதட்டும் சார். கடல் மட்டத்துலன்னு சேத்து எழுதட்டும்."

மணி அடித்தது. வெளியே உட்காருங்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள்.

மாடிப்படியில் உட்கார்ந்தேன். பக்கத்து பேக்கரியிலிருந்து ரொட்டி வேகிற வாசனை வந்தது. அறைக்குள் பேச்சு உயர்வதும் தணிவதும் கேட்டது. அந்த நேரம் பார்த்து என் பட்டன் போன் அடித்தது. கராடியிலிருந்து ஒரு பெண் தேன் போன்ற குரலில், திங்கட்கிழமை வருகிறீர்கள்தானே என்றாள். கதவு இன்னும் திறக்கவில்லை. செயலாளரைப் பிள்ளைகள் முன்னால் எதிர்த்துப் பேசியவளை யார் எடுப்பார்கள்? ஒரு மணி நேரம் கழித்துச் சொல்லவா என்று கேட்டேன். முடியாதாம், இப்போதே தெரிய வேண்டுமாம். எனக்கு சாயலியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. "வரவில்லை" என்று சொல்லிவிட்டேன். கையில் இருந்ததையும் விட்டாயிற்று, வரப்போவது என்னவென்றும் தெரியாது.

கதவைத் திறந்துகொண்டு பிரின்சிபால் மேடம் வந்தார். செயலாளருக்கு என்னைப் பிடிக்கவில்லை, ஆனாலும் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்கிறார் என்றார். எப்படி என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

வீட்டில் நான் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல, அப்பா சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னாம்மா இது... லைன்ல அத்தினி பேர்கிட்டயும் சொல்ட்டனே" என்றார். திட்டியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். மறுநாள் காலையில் குழாயடியில் அவர் குரல் கேட்டது. "கராடியெல்லாம் இல்லப்பா, எம் பொண்ணு டீச்சரு. கேம்ப்புல." ஒவ்வொருத்தரிடமும் போய்ச் சொன்னதை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே நான் அழுதேன்.

இவ்வளவையும் நான் அரங்கத்தில் சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. சரி, வழக்கம்போல ஒருத்தரும் வரப்போவதில்லை என்று பையை எடுத்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். கோயம்புத்தூர்க் குடும்பமாம், கராடியில் வீடு. தமிழைத் தேடித் தேடிப் பேசினாள். "மேம், நான் உங்க ஸ்கூல் வந்து... அந்த லேப்ல, கிட்ஸ்கூட, அத ஒரு தடவ பண்ணி பாக்கலாங்களா? பிடிச்சா நான்... டீச்சராவே வந்துடறனுங்க."

எத்தனை கல்லூரிகளில் எத்தனை வருஷமாகத் தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன். இப்படி ஒருத்தி வந்து நின்றதில்லை.

அந்த ஆய்வகம் இப்போது கம்ப்யூட்டர் அறை. வகுப்பில் நெருப்பு மூட்டக் கூடாது என்று விதி வந்தது. நான் போட்ட சண்டையெல்லாம் எடுபடவில்லை. முக்காலிகளைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். சுவரில் பெரிய திரை வைத்திருக்கிறோம். பாடம் வந்ததும் அதில் ஒரு வீடியோ ஓடும். அதில் தண்ணீர் சொடக்குப் போடுகிற நேரத்தில் கொதித்து, மிகச் சரியாக நூறில் நிற்கும். பிள்ளைகள் நூறு என்று எழுதிக்கொள்வார்கள். இரண்டும் பொய்யா என்று கேட்க அங்கே ஒரு தெர்மாமீட்டர்கூடக் கிடையாது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வாம்மா" என்றேன். எந்த அறைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.